வீட்டு ஹைட்ரோபோனிக்ஸ்: சில வருடங்களுக்குப் பிறகு எது மிஞ்சியது?

மண்ணில்லாமல் சத்துக்கரைசலில் செடி வளர்ப்பதுதான் ஹைட்ரோபோனிக்ஸ். வாங்கிய புதிதில் அதற்கான எந்தக் கிட்டும் நன்றாகத்தான் இருக்கும். குழாய் புதுசு, மோட்டார் புதுசு, தண்ணீரில் பாசி இல்லை, வேர்களுக்கு நோய் இல்லை. அதனால் முதல் அறுவடையோடு எழுதப்படும் மதிப்புரைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என்னிடம் நான்கு குழாய்கள் கொண்ட என்எஃப்டி (கரைசல் மெல்லிய படலமாக ஓடும் முறை) வரிசை ஒன்று, மூடியில் துளை போட்ட சில வாளிகள், கட்டிங்குகளுக்கு (வேர்விட வெட்டி வைக்கும் தண்டுகளுக்கு) மூடி போட்ட ஒரு தட்டு, கரைசலின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மீட்டர், அதில் கரைந்த உப்பின் அளவை மின்கடத்தல் மூலம் காட்டும் ஈசி மீட்டர், ஒரு எல்இடி விளக்கு ஆகியவை இருக்கின்றன. சில வருடங்களாக எல்லாம் கைபட்டுப் புழங்கியவை. இவற்றில் பார்க்க அழகானது குழாய் வரிசை. குறைவாகப் பயன்படுவதும் அதுதான்.

என்எஃப்டி முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழாயின் அடியில் மெல்லிய படலமாகச் சத்துக்கரைசல் ஓடுகிறது. வேரின் மேல்பாதி காற்றில் இருப்பதால் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குழாயில் தண்ணீர் இருப்பே கிடையாது. மின்சாரம் போனாலோ, மோட்டாரின் வடிகட்டியில் ஒரு வேர்த்துணுக்கு அடைத்தாலோ, வெயில் நேரத்தில் இலைகள் சீக்கிரமே தொங்கிவிடும். இன்னொன்று, வீட்டுக் கிட்டுகளோடு வரும் தொட்டி சின்னது. கோடையில் செடிகள் உர உப்பைவிட வேகமாகத் தண்ணீரைக் குடிக்கின்றன. காலையில் சரியாக இருந்த கரைசல் மாலைக்குள் கெட்டியாகிவிடுகிறது. தொட்டி பெரிதாக இருந்தால் இதே மாற்றம் நிதானமாக நடக்கும், நமக்கும் அவகாசம் கிடைக்கும். கிட் வாங்கும்போது எத்தனை துளை என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். எத்தனை லிட்டர் என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

புதினாவை மட்டும் குழாயில் வைக்காதீர்கள். மேலே அடக்கமாகத்தான் தெரியும். செடி நிற்கும் கிண்ணத்தைத் தூக்கினால் பக்கத்துச் செடியின் வேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பாய் சுருட்டின மாதிரி வரும். அதற்குள் தண்ணீர் தேங்கி, குழாயின் கடைசி மூடி வழியாகச் சொட்டிக்கொண்டிருக்கும்.

வாளி விஷயம் வேறு. ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் கிராட்கி பிரபலப்படுத்திய முறை இது: மோட்டார் இல்லை, காற்று பம்ப் இல்லை. நாற்றின் வேர்நுனி தொடும் அளவுக்குக் கரைசலை ஊற்றி மூடிவிட வேண்டியதுதான். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். வெளியே வந்த வேர்கள் காற்றை உறிஞ்சப் பழகிவிடும். பொடிப்பொடியாக வெள்ளை முடி பூத்த மாதிரி இருக்கும் அந்த மேல்வேர்களைத் திரும்பவும் தண்ணீரில் மூழ்கடித்தால் செடி மூச்சுத் திணறும். அதனால் தண்ணீர் தீரப்போகிறது என்றால் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும், விளிம்பு வரை நிரப்பக் கூடாது. ஒரு லெட்யூஸுக்குச் சுமார் நான்கு லிட்டர் இருந்தால் பெரும்பாலும் அறுவடை வரை தாங்கும். ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் கவலையில்லை. பேசில், புதினா, மிளகாய் மாதிரி நாள்பட நிற்கும் செடிகள் என்றால் வாளியில் ஒரு ஏர் ஸ்டோன் (பம்பின் காற்றைச் சிறு குமிழ்களாக விடும் கல்) போட்டுவிடுவேன்.

வாளிக்கு எதிரி வெயில். 20 டிகிரி செல்சியஸ் தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏழரைதான். வேருக்கோ சூட்டில்தான் ஆக்சிஜன் அதிகம் வேண்டும். பித்தியம் போன்ற வேரழுகல் நோய்கள் தலைதூக்குவதும் அப்போதுதான். ஆரோக்கியமான வேர் வெள்ளையாக, தொட்டால் விறைப்பாக இருக்கும். உரத்தின் நிறம் ஏறி லேசாகப் பழுத்திருந்தால் பரவாயில்லை. பழுப்பாகி, இரண்டு விரலால் உருவும்போது மேல்தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல்தான். அந்த வாளியைக் கொட்டிக் கழுவுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து பலன் தந்ததில்லை. வாளிக்கு உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் வெள்ளை என்று இருந்தால் பாசியும் வராது, சூடும் குறையும்.

இத்தனை சாமான்களில் போட்ட காசுக்கு அதிகம் உழைத்தது எது என்றால் மீட்டர்கள்தான். செடிகள் நைட்ரேட்டை உறிஞ்ச உறிஞ்சக் கரைசலின் பிஎச் மேலே போகும். 5.5 முதல் 6.5 வரை வைத்திருந்தால் நல்லது. 7-ஐத் தாண்டினால் இரும்புச் சத்து தொட்டியில் இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது. புது இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்ததும் இன்னும் உரம் ஊற்றத்தான் கை போகும். ஆனால் பிஎச்சை இறக்கினாலே அடுத்து வரும் இலை பச்சையாக வந்துவிடும். கடினநீர் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம், அதில் உள்ள பைகார்பனேட் பிஎச்சைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளும். ஆர்ஓ தண்ணீரில் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் கால்சியமும் மெக்னீசியமும் உரத்திலிருந்துதான் வர வேண்டும்.

மீட்டர்களில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு உப்பு என்ற அளவு) குழப்பம். சில மீட்டர்கள் ஈசியை 500-ஆல் பெருக்கிக் காட்டும், சில 700-ஆல். ஈசி 1.2 உள்ள ஒரே தண்ணீரை ஒன்று 600 என்று காட்டும், இன்னொன்று 840 என்று காட்டும். அதனால் பிபிஎம்மை விட்டுவிட்டு ஈசியிலேயே பேசிக்கொள்வது நிம்மதி. லெட்யூஸுக்கு 0.8 முதல் 1.2 வரை, பேசிலுக்கு அதைவிடச் சற்றுக் கூட, தக்காளிக்கு 2-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, பிஎச் மீட்டரின் முனை. அதைக் காயவிட்டால் போச்சு. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போடுவதும் கெடுதல்தான், பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்க வேண்டும். எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் அந்த முனைக்கு ஆயுசு ஒன்றிரண்டு வருடம்தான். முனையை மட்டும் மாற்ற முடிகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

உரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வருவதற்குக் காரணம் உண்டு. கால்சியத்தையும் சல்பேட், பாஸ்பேட்டையும் அடர்கரைசலாகச் சேர்த்தால் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம் மற்றது. விளக்கு வாங்குபவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். இலைமட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல் (செடி பயன்படுத்தும் ஒளியின் அளவு) கிடைத்து, 16 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 11.5 மோல் வெளிச்சம், கீரை வகைகளுக்கு ஓரளவு போதும். வெயில் விழும் இடம் இருந்தால் விளக்கே வேண்டாம்.

இனி, கட்டிங் தட்டு. கிட் வாங்கும்போது இதை ஒரு உதிரி என்றுதான் நினைத்தேன். இப்போது வருடம் முழுக்க ஓய்வில்லாமல் ஓடுவது இது ஒன்றுதான். புதினா, பேசில், கோலியஸ், மணி பிளாண்ட் எல்லாம் வெறும் தண்ணீரிலேயே வேர்விடும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டால் போதும். புதினாவில் சில நாட்களிலேயே கணுவைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள் தடிப்பாகத் தெரியும், அப்புறம் ஒவ்வொன்றும் வேராக நீளும். வேர் வரும்வரை உரம் தேவையில்லை. வந்தபின் ஈசி 0.5 அளவில் நீர்த்த கரைசல் கொடுக்கலாம். மண்ணுக்கு மாற்றுவதென்றால் வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கும்போதே மாற்றுவது நல்லது. தண்ணீரில் நீளமாக வளர்ந்த வேர் எளிதில் முறியும், மண்ணுக்குப் பழகவும் அடம்பிடிக்கும்.

ரோஜா, செம்பருத்தி, காகிதப்பூ மாதிரிக் கட்டைத்தண்டு வகைகளைத் தண்ணீரில் வைத்துக் காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பெர்லைட்டும் (பொரிந்த லேசான வெள்ளைக் கல்துகள்) கலந்து, தண்டின் அடியில் ஐபிஏ வேர் ஹார்மோன் பொடி தொட்டு, அதிகப்படியைத் தட்டிவிட்டு நடுகிறேன். ஐபிஏ கூடினால் வேர் கூடும் என்று இல்லை, அடி கறுத்துப்போகும். வேர் இல்லாத தண்டு இலை வழியாக நீரை இழந்துகொண்டே இருக்கும், அதை ஈடுகட்டத்தான் மேல் மூடி. மூடியின் உள்பக்கம் லேசாக வியர்த்திருந்தால் சரி, சொட்டுச்சொட்டாக வழிந்தால் பூஞ்சை வரும், காற்றுத்துளையைத் திறந்துவிட வேண்டும். கோகோபீட்டை வாங்கியபடியே போடாமல் அலசுங்கள். சில கட்டிகளில் சோடியம் உப்பு அதிகம் இருக்கும். பிழிந்த தண்ணீரில் ஈசி மீட்டரை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தக்காளியை இந்த அளவுத் தொட்டிகளில் வளர்க்கச் சொல்லி யாரையும் தூண்டமாட்டேன். காய்க்கும், ஆனால் காய்க்கும் காலத்தில் அதற்குத் தண்ணீர் காட்டுவதே வேலையாகிவிடும். லெட்யூஸில் உள்குருத்து இலைகளின் ஓரம் கருகினால் தொட்டியில் கால்சியம் இல்லை என்று அர்த்தமில்லை. காற்றோட்டம் இல்லாததால் கால்சியம் குருத்துவரை போகவில்லை. ஒரு சின்ன மின்விசிறி அதைச் சரிசெய்யும்.

பழைய கிட்டை யாராவது கைமாற்றுகிறார்கள் என்றால் குழாயையும் விளக்கையும் பார்த்து மயங்க வேண்டாம். மோட்டாரின் இறக்கையைக் கழற்றி உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள், ஏர் ஸ்டோனையும் பிஎச் முனையையும் புதிதாக வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பேரம் பேசுங்கள். காற்று பம்ப் குழாயில் ஒருவழி வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்தால், கரண்ட் போனதும் வாளித் தண்ணீர் அந்தக் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்புக்குள் இறங்கிவிடும்.