டெல்லிக் குளிருக்கு எந்தப் பின்னல் புத்தகம்?

ஆர்.கே.புரத்தில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாவிடம் கம்பளிப் பின்னலின் ‘சீதா’ (நேர்ப் பின்னல்), ‘உல்டா’ (எதிர்ப் பின்னல்) இரண்டும் கற்றுக்கொண்டுவிட்டீர்களா? அப்படியானால் முதலில் எலிசபெத் ஸிம்மர்மனின் ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ (1971) வாங்குங்கள். அளவுக் கணக்கு அதில் பளிச்சென்று புரியும். உடம்புச் சுற்றுக்கு 200 கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்) என்றால் மணிக்கட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 40. வட்ட ஊசியில் (வளையும் கம்பியால் இணைத்த இரட்டை ஊசி) சுற்றிச் சுற்றிப் பின்னுவதால் பக்கத் தையலே கிடையாது. என் மகனின் நீல ஸ்வெட்டர் இந்தக் கணக்கில் பிறந்ததுதான்.

பார்பரா வாக்கரின் 1968ஆம் ஆண்டுத் தொகுப்போ பின்னல் வகைகளின் அகராதி. 500க்கும் மேற்பட்ட வகைகள், படத்தோடு. ஸ்வெட்டர் முறை தேடினால் ஏமாற்றம்தான். ஒரே பின்னலில் அலுத்துப்போன கைகளுக்கோ அது பொக்கிஷம்.