ஒட்டும் குமிழா, ஒட்டாத குமிழா?

புற்றுநோய் மருந்தை நானோ குமிழில் அடைத்து அனுப்புவோரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. குமிழை ரத்தத்தில் விட்டால் போதும், கட்டியின் ஒழுகும் ரத்தக்குழாய்கள் வழியே தானாகவே கசிந்து உள்ளே தங்கிவிடும் என்பது முதல் கட்சி. ஜப்பானின் மட்சுமுராவும் மயேடாவும் 1986-இல் வெளியிட்ட ஆய்வுதான் இதற்கு அடிப்படை. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் இந்த வகை. சுமார் 100 நானோமீட்டர் கொழுப்புக் குமிழுக்குள் டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து ஊசிபோலப் படிகமாக உறைந்திருக்கும். குமிழில்லாத மருந்தைவிட இதயத்துக்குச் சேதம் குறைவு. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரிகிற தொல்லை வந்து சேர்ந்தது.

அதே குமிழின் மேல், சில புற்றுச்செல்களின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் ஹெர்2 புரதத்தைப் பிடித்து ஒட்டும் ஆன்டிபாடித் (எதிர்ப்புப் புரதத்) துண்டுகளைப் பதிப்பது இரண்டாம் கட்சி. மார்பகப் புற்றுநோய்க்கான எம்எம்-302 அப்படி உருவானது. கேட்க அழகான யோசனை. ஆனால் எலிகளில் பார்த்தபோது, ஒட்டும் குமிழ் கட்டிக்குள் கூடுதலாகச் சேரவில்லை. அளவு ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு சேர்ந்த பிறகே தெரிந்தது. ஒட்டாதவை செல்களுக்கு வெளியிலும் அந்நியப் பொருள்களை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களின் வயிற்றிலும் கிடந்தன. ஒட்டுபவை புற்றுச்செல்லுக்குள் நுழைந்திருந்தன.

இதை எப்படிப் படம் பிடிப்பது? ஒளிரும் சாயம் செல்வரை காட்டும், ஆனால் ஒளி உடலின் ஆழத்துக்குப் போகாது. எலிக்கும் திசுத் துண்டுக்கும் சரி. நோயாளிக்கு, குமிழில் ஏற்றிய கதிரியக்கப் பொருளை உடலுக்கு வெளியிலிருந்தே படம்பிடிக்கும் பெட் ஸ்கேன்தான் வழி. தாமிரம்-64 ஏற்றினால் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம்) 12.7 மணி நேரம், சிர்கோனியம்-89 என்றால் மூன்று நாளுக்கும் மேல். ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றும் குமிழைப் பின்தொடர இரண்டாவதே தோது. கதிர்வீச்சுச் சுமை மட்டும் கூடும்.

ஆனால் பெட் காட்டுவது அளவை மட்டுமே. குமிழ் செல்லுக்குள் இருக்கிறதா, வாசலில் நிற்கிறதா, மருந்து வெளியே வந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இரண்டு கட்சிகளும் மோதிக்கொள்ளும் இடமே அதுதான்!

அளவைப் பொறுத்தவரை பெட் கொடுத்த சேதி வேறு. தாமிரம்-64 ஏற்றிய எம்எம்-302-ஐ 19 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிக்குக் கட்டி 35 மடங்கு வரை வித்தியாசம் இருந்தது. அதிகம் சேர்ந்தவர்களுக்கு நோய் கட்டுப்பட்டிருந்த காலமும் நீண்டது. எம்எம்-302-இன் பெரிய சோதனையோ ஹெர்2-ஐப் பார்த்து ஆளைச் சேர்த்தது, குமிழ் சேர்கிறதா என்று பார்த்தல்ல. பலன் இல்லையென்று 2016 இறுதியில் அது நிறுத்தப்பட்டது.

ஒட்டுவதால் சேரும் அளவு கூடவில்லை, அளவோ ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதனால் என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஒட்டாத சாதாரணக் குமிழையும், முதல் ஊசிக்கு முன் ஒரு பெட் ஸ்கேனையும் கேட்பேன்.