மரியாடிபி, பிஎச்பி: கோத்தகிரி சர்வரில் எனக்குத் தலைவலி தமிழ் அகரவரிசைதான்

குன்னூர் நண்பர் ஒருவர் தன் கிளையண்டின் சர்வரில் பிஎச்பி என்ற நிரல்மொழியும் மரியாடிபி என்ற டேட்டாபேஸும் போடலாமா என்று கேட்டார். கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலைக்கு இதையேதான் போட்டுக் கொடுத்தேன், இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் பழகிய வரைக்கும் சொல்கிறேன்.

நிறுவுவதில் சொல்ல ஒன்றுமில்லை. உபுண்டு 22.04-இல் பிஎச்பி 8.1-ம் மரியாடிபி 10.6-ம் அதன் நிறுவல் கருவியான ஏபிடி வழியாகவே வந்துவிடும். அப்புறம் மழைக்காலம். ஐப்பசியில் மரம் சாய்ந்து கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, இலை எடை ஏறிக்கொண்டிருக்கும்போதே சர்வர் அணைந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் மரியாடிபியின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் ரீடூ லாகைப் படித்துத் தானே சரிசெய்துகொண்டு எழுந்துவிடும்; கமிட் ஆன (உறுதியாகப் பதிவான) எடையில் ஒரு கிலோகூடக் காணாமல் போனதில்லை. அதற்கு ஒரு பெரிய கும்பிடு. வேகம் வேண்டும் என்று அந்த லாகை வட்டில் எழுதும் ஃப்ளஷ் அமைப்பை மட்டும் 1-லிருந்து 2-க்கு மாற்றிவிடாதீர்கள், கரண்ட் போனால் கடைசி ஒரு நொடிப் பதிவு போய்விடலாம்.

ஆனால் பெயர்ப் பட்டியல் இருக்கிறதே! உபுண்டுவில் இயல்பாக வரும் ஜெனரல் சிஐ கொலேஷன், அதாவது எழுத்துகளை அடுக்கும் விதி, தமிழை யூனிகோட் எண் வரிசையில்தான் அடுக்கும். ன-வுக்கு அங்கே ந-வை ஒட்டிய எண், ஜ-வுக்கு ச-வை ஒட்டிய எண். அதனால் மயில்சாமி, மல்லன் எல்லாருக்கும் முன்னால் மனோகரன் வந்து நிற்பார், ராமனுக்கு முன்னால் ராஜன். மாசக் கடைசியில் இலைக்காசு பட்டுவாடா செய்யும் கணக்கர் பழைய பேரேட்டு வரிசையில் விரலை ஓட்டித் தேடுகிறவர், ஆள் எதிரே நிற்கிறார், பெயர் கிடைக்கவில்லை, பின்னால் கூட்டம். சிங்களத்துக்கும் பர்மிய மொழிக்கும் தனிக் கொலேஷன் இருக்கிறது, தமிழுக்கு இல்லை. இத்தனை கோடிப் பேர் பேசும் மொழிக்கு இது செய்யக்கூடாதா?

பிஎச்பிதான் காப்பாற்றியது. அதன் பன்மொழி வேலைக்கான இன்டில் நீட்சியைப் போட்டு, அதில் வரிசைப்படுத்தும் கொலேட்டர் வகுப்புக்கு தமிழ் லொகேல் (மொழி அமைப்பு) கொடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் கிடைக்கும் வரிசைச் சாவியைத் தனிப் பத்தியில் பைனரியாகச் சேமித்து, அதை வைத்து வரிசைப்படுத்துகிறேன். சரியாக வருகிறது. ஆனால் யாராவது பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் சாவியை மறுபடி எழுத வேண்டும். டேட்டாபேஸ் பார்க்க வேண்டிய வேலையை நிரல் சுமக்கிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: மரியாடிபி வேண்டாம், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸைப் போடுங்கள். 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தே அதில் ஐசியு என்ற பன்மொழி நிரல் நூலகத்தின் கொலேஷன் உண்டு, தமிழுக்கும் சேர்த்து. பழைய பிஎச்பி நிரல் மைஎஸ்க்யூஎல், மரியாடிபியோடு மட்டும் பேசும் மைஎஸ்க்யூஎல்ஐ நீட்சியில் இருந்தால் முதலில் பல டேட்டாபேஸ்களோடும் பேசும் பிடிஓ-வுக்கு மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.