ஒரு வருஷமாக வாங்கும் கீழமாசி வீதி வெந்தயம்

வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக்கு விற்கிறேன். தினமும் 12 கிலோ அரிசி, 3 கிலோ உளுந்து, 75 கிராம் வெந்தயம். மாசத்துக்கு இரண்டு கிலோ வெந்தயம் தீர்ந்துவிடும். உளுந்தைப் பார்த்துப் பார்த்து வாங்குவேன். வெந்தயம் மட்டும் எந்தப் பாக்கெட் கைக்கு வருகிறதோ அதுதான். கொஞ்சமாகப் போடுகிற சாமானை யார் சோதித்துப் பார்க்கிறார்கள்?

போன வருஷம் தை மாசம் ஒருநாள் கிரைண்டர் கல்லுக்கு அடியில் கர்ரென்று சத்தம். அரைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தி, மிச்சமிருந்த பாக்கெட்டை முறத்தில் கொட்டிப் புடைத்தேன். வெந்தயத்தின் அளவிலேயே, அதே நிறத்தில் மண்ணாங்கட்டிகள். தண்ணீரில் போட்டதும் கரைந்து குழம்பாகிவிட்டன. நடுநடுவே நிஜக் கல்லும் இருந்தது. அன்றைக்கு அரைத்ததை அப்படியே கீழே கொட்டினேன். காசு போனதைவிட, இத்தனை நாள் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு எதைக் கொடுத்தேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

மறுநாளே மதுரை கீழமாசி வீதிக்குப் போனேன். மூட்டை மூட்டையாகப் பலசரக்கு இறங்குகிற தெரு அது. நான் வாங்குவது சின்னக் கடை. மிளகு, சீரகம், வெந்தயம், கடுகு என்று வாய் திறந்த சாக்குகள் வரிசையாக இருக்கும். அண்ணாச்சி ஒரு பிடி வெந்தயத்தை அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். "தேய்ச்சு மோந்து பாருங்கம்மா. சித்திரைக்கு மேலதான் புதுச் சரக்கு வரும். இது போன வருஷத்துதான், ஆனா சலிச்சு வச்சிருக்கேன்" என்றார். பழசைப் பழசு என்று சொல்லி விற்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நம் நாட்டு வெந்தயத்தில் பெரும்பங்கு ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் குஜராத்திலும் குளிர்காலப் பயிராக விளைகிறது. அறுவடை முடிந்து இங்கே வந்து சேர அவர் சொன்ன கணக்குதான் ஆகும்.

அன்று ராத்திரி இரண்டு டம்ளரில் ஊறவைத்தேன், ஒன்றில் பாக்கெட் வெந்தயம், இன்னொன்றில் இது. காலையில் பார்த்தால் பாக்கெட் வெந்தயத்தில் பத்துப் பதினைந்து மணி ஊறாமல் விறைப்பாக அடியில் கிடந்தன. தண்ணீரும் கலங்கல். கடை வெந்தயம் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு உப்பி, விரலால் அழுத்தினால் நடுவில் இருக்கிற கோட்டிலேயே பிளந்து வழவழவென்று வந்தது. அந்த வழவழப்புதான் கரையும் நார்ச்சத்து. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அதுதான்.

கிரைண்டரில் வெந்தயத்தை முதலில் தனியாகப் போட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஓட்டுவேன். பத்து நிமிஷத்தில் வெண்ணெய் மாதிரி நுரைத்துக் கல்லோடு மேலே ஏறும். அதற்குப் பிறகுதான் உளுந்து. நல்ல வெந்தயம் போட்ட மாவில் தோசை ஓரம் முறுகி, நடுவில் பஞ்சாக, பொன் நிறத்தில் வரும். சோடா உப்பு எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. ஆசைக்கு அளவை மீறிப் போட்டால் மட்டும் கசக்கும்.

வெந்தயத்தைச் சரியாகச் சோதிக்க வேண்டுமென்றால் களிதான். ஒரு ஆழாக்கு புழுங்கலரிசிக்குக் கால் ஆழாக்கு வெந்தயம், ஒரு கைப்பிடி உளுந்து. ஊறவைத்து மையாக அரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றி, கைவிடாமல் கிண்ட வேண்டும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். உருட்டி நடுவில் குழித்து, கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் ஊற்றிச் சாப்பிடுவோம். முன்பு வாங்கிய பாக்கெட் வெந்தயத்தில் கசப்பு மட்டும்தான் மிஞ்சும், இதில் கசப்புக்குப் பின்னால் ஒரு வாசம் வருகிறது. என் தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருந்தபோது அம்மா பால் சுரக்கட்டும் என்று இதைத்தான் கொடுத்தார். அவள் வியர்வையில்கூட வெந்தய வாசம் அடித்தது.

வயிற்றுக் கடுப்புக்கு ஒரு ஸ்பூன் வெந்தயத்தை மோரில் போட்டு விழுங்குவது, சூட்டுக்கு ஊறவைத்து வெறும் வயிற்றில் சாப்பிடுவது, பொடுகுக்குத் தலையில் அரைத்துத் தேய்ப்பது எல்லாம் எங்கள் வீட்டில் உண்டு. எங்களுக்கு இதமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கடையில் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. கல்லாப் பக்கத்தில் வெந்தயப் பொடியை அடுக்கி, "சர்க்கரைக்கு மாத்திரையே வேண்டாம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். என் அத்தைக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. இந்த மாதிரிப் பேச்சை நம்பி ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தி, மயக்கம் போட்டு விழுந்தார். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து ஆய்வாளர்கள் வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கிறது என்று 1990-ல் வெளியிட்டது உண்மைதான். அவர்கள் கொடுத்தது கொழுப்பு நீக்கிய பொடி, நாளுக்கு 100 கிராம், அதுவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு. காலையில் விழுங்குகிற ஒரு ஸ்பூனுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்! மாத்திரையோடு நிறைய வெந்தயம் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கவும் கூடும். கர்ப்பிணிகளும் சமையல் அளவைத் தாண்டக்கூடாது என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், காகிதத்தை இன்னும் கிழிக்கவில்லை. அதனால் பொடி வாங்காதீர்கள், முழு வெந்தயம் வாங்குங்கள். மாங்காய் ஊறுகாய்க்கோ புளிக்காய்ச்சலுக்கோ வேண்டும்போது சிறு தீயில் லேசாகச் சிவக்க வறுத்து நீங்களே பொடித்துக்கொள்ளலாம். கருகினால் குழம்பு முழுக்கக் கசந்துவிடும்.

விலை கிலோ நூறு ரூபாயை ஒட்டி, பாக்கெட்டைவிடக் குறைவு. மெல்லிய கவரில்தான் கட்டிக் கொடுப்பார்கள், வழியிலேயே பிரிந்துவிடும். துணிப்பை கொண்டுபோங்கள். சித்திரை கழித்துப் போனால் புதுச் சரக்கு. காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், லோடு வண்டிகள் வந்துவிட்டால் கடை வாசலில் நின்று மோந்து பார்க்கக்கூட இடம் இருக்காது.