பிழைச்செய்தியில் ஒரு புள்ளி: நான்கு வருட அனுபவம்

திறமூல மென்பொருள்களின் பிழைச்செய்திகளில் உள்ள நிறுத்தக்குறிகளைத் திருத்தி பேட்ச் (நிரலில் செய்யும் மாற்றங்களின் கோப்பு) அனுப்பத் தொடங்கி நான்கு வருடங்கள் ஆகின்றன. "இதற்கெல்லாமா ஒரு கமிட்?" என்று கேட்டவர்கள் உண்டு. செய்ய வேண்டிய வேலைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

தொடங்கியது ஓர் இணைய முகவரியால். ஒரு கருவி, விவரங்களுக்கு இந்தப் பக்கத்தைப் பாருங்கள் என்று முகவரியைக் காட்டி, அதை ஒட்டியே முற்றுப்புள்ளி வைத்திருந்தது. காப்பி செய்தபோது புள்ளியும் கூடவே வந்துவிட்டது. 404, அதாவது அப்படியொரு பக்கம் இல்லை என்ற பிழை. பக்கத்தையே நீக்கிவிட்டார்கள் என்று நினைத்து வேறு எங்கெங்கோ அரை மணி நேரம் தேடினேன்.

கோப்புப் பெயரிலும் இதே தொல்லைதான். லினக்ஸில் கோப்பின் பெயர் புள்ளியில் முடியலாம். அப்படியிருக்க, கடைசிப் புள்ளி பெயருடையதா, வாக்கியத்துடையதா என்று படிப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்தால் தீர்ந்தது. பெயர் காலியாக வந்தாலோ, அதன் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலோ அதுவும் பளிச்சென்று தெரிந்துவிடும். தமிழாக்கத்தில் இது இன்னும் அவசியம். 'ஐ', 'இல்' எல்லாம் பெயரோடு ஒட்டிக்கொள்வதால், குறி இல்லாவிட்டால் பெயர் எங்கே முடிகிறது என்றே புரியாது. கட்டளைகளைக் காட்டும்போது மட்டும் நேரான குறிதான் வேண்டும். வளைந்த குறியை ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) மேற்கோளாக எடுத்துக்கொள்வதில்லை.

முதல் வருடம் ஒரு தவறு செய்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று எல்லாச் செய்திகளின் முடிவிலும் புள்ளி வைத்தேன். ஆனால் பல செய்திகள் தனியாக வருவதில்லை, முன்னும் பின்னும் வேறு சொற்கள் ஒட்டும். "அனுமதி இல்லை.; மீண்டும் முயல்கிறது" என்று பதிவுக்கோப்பில் பார்த்தபோதுதான் உறைத்தது. கோ (Go) நிரல்மொழியின் நடைக்குறிப்புகள் பிழைச்சரம் நிறுத்தக்குறியில் முடியக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். எனக்கு மிகவும் பிடித்தது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் வைத்திருக்கும் முறை: முதன்மைச் செய்திக்குப் புள்ளி கிடையாது, அதோடு வரும் விவரமும் யோசனையும் முழு வாக்கியங்கள், அவற்றுக்குப் புள்ளி உண்டு.

ஆச்சரியக்குறியை மட்டும் எங்கே கண்டாலும் எடுத்துவிடுவேன். வேலை கெட்டு நிற்பவரிடம் கத்த வேண்டியதில்லை.

அப்புறம், இதில் இறங்க நினைப்பவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது மொழிபெயர்ப்பு. செய்திகளை மொழிபெயர்க்கப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் என்ற கருவியில், மூலச் செய்தியை வைத்துத்தான் அதன் மொழிபெயர்ப்பைத் தேடி எடுக்கிறார்கள்; அதுதான் சாவி. அதில் ஒரு புள்ளியை எடுத்தாலும் பழைய மொழிபெயர்ப்பு 'ஃபஸி' (மறுபடி சரிபார்க்க வேண்டியது) ஆகிவிடும். அப்படி ஆனதை இயல்பாகத் தொகுப்பில் சேர்ப்பதில்லை. நான் எடுத்த ஒரே புள்ளியால் அடுத்த வெளியீட்டில் பல மொழிக்காரர்களுக்கு அந்த வரி ஆங்கிலத்தில் வந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வருத்தத்தோடு எழுதினார். அவர் சொன்னது முழுக்க நியாயம். அதன் பிறகு, குறி மட்டும் மாறினால் மொழிக்கோப்புகளிலும் மூலவரியை நானே மாற்றி, ஒரே பேட்சாக அனுப்புகிறேன். அந்தச் செய்தியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனைகள் இருக்கின்றனவா என்று கிரெப் (கோப்புகளுக்குள் சொல் தேடும் கட்டளை) போட்டுப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

இப்போது கையில் பதினொரு செய்திகள் இருக்கின்றன, எல்லாமே மேற்கோள் குறி இல்லாத கோப்புப் பெயர்கள். செய்திகளை உறையவைக்க, அதாவது அடுத்த வெளியீட்டுக்காக அவற்றை மாற்றுவதை நிறுத்த, இன்னும் இரண்டு வாரம்தான். அதற்குள் அனுப்பிவிட வேண்டும்.