வலிக்கும் சிறுநீர்ப்பைக்கு நரம்புத் தூண்டி: கணுக்காலா, முதுகடியா?

பை நிறைய நிறைய அடிவயிறு வலிக்கும், போய்வந்தால் தணியும், கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்கும். சிறுநீர்க் கல்ச்சர் சோதனையில் கிருமி இருக்காது. இதுதான் இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ், அதாவது சிறுநீர்ப்பை வலி நோய். இந்த நோய்க்குக் கோலாலம்பூரில் நரம்புத் தூண்டி (நரம்புக்கு மின்துடிப்பு கொடுக்கும் சிகிச்சை) பற்றி டாக்டர் பேச்செடுத்தால், முதலில் கேளுங்கள்: கேமரா விட்டு ஹன்னர் புண் (பையின் உட்சுவரில் வரும் அழற்சிப் புண்) இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா? இருந்தால் அதைக் கருக்கினாலே பலருக்கு வலி இறங்கும். கருவி அதற்குப் பிறகுதான்.

வழி இரண்டு: கணுக்கால், முதுகடி. கணுக்கால் ஊசிக்கு வெட்டுக் கிடையாது. உள்கணுவுக்கு மூன்று விரற்கடை மேலே மெல்லிய ஊசி குத்தி 30 நிமிடம் மின்துடிப்பு, வாரம் ஒருமுறை, 12 வாரம். பலித்தாலும் மாதம் ஒருமுறை தொடர வேண்டிவரும். கிள்ளானிலிருந்து கொமுட்டரில் வந்துபோகிறவர் இதை யோசித்துத்தான் தொடங்க வேண்டும். கணுக்காலிலேயே புதைக்கும் இகாயின் (2022), ரெவி (2023) ஆகிய இரண்டு கருவிகளுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கொடுத்த அனுமதி அவசரத்தை அடக்க முடியாமல் வரும் சிறுநீர்க் கசிவுக்கு. வலிக்காக இவற்றைப் போடச் சொல்ல மாட்டோம்.

முதுகடியில் வைக்கும் சேக்ரல் தூண்டியே எங்கள் தேர்வு. காரணம் ஒன்றுதான்: நிரந்தரமாகப் புதைக்கும் முன் சோதித்துப் பார்க்கலாம். முதுகடி எலும்பின் மூன்றாவது துளையான எஸ்3 வழியாக நான்கு மின்முனை உள்ள கம்பி போகிறது. மின்சாரம் கொடுத்ததும் ஆசனவாய்த் தசை சுருங்கிக் கால் கட்டைவிரல் மடங்கினால் இடம் சரி. பாதம் முழுக்கத் திரும்பினால் கம்பி ஒரு துளை மேலே, எஸ்2வில் இருக்கிறது. சோதனையின்போது பேட்டரி உடம்புக்கு வெளியே இருக்கும். அந்தச் சில நாள் அல்லது ஓரிரு வாரத்தில் எத்தனை முறை போனீர்கள், எத்தனை மில்லி, வலி பத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். வலியைத் தனியாக எழுதுவது முக்கியம்: அவசரம் குறைந்தும் வலி அப்படியே நிற்பதுண்டு. வலி பாதியாவது குறையாவிட்டால் கம்பியை எடுத்துவிடலாம். சோதனையின்போது தே தாரேக்கையோ சம்பலையோ திடீரென நிறுத்தாதீர்கள், மருந்தையும் மாற்றாதீர்கள். பலன் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும். கம்பி வெளிவரும் இடத்தில் நம்மூர் வியர்வை பட்டால் கிருமி ஏறும். குளிக்காமல் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்3இல் வலி அடங்காதவர்களுக்குப் புடெண்டல் நரம்பு (இடுப்பின் அடித்தசைகளுக்குப் போகும் நரம்பு) இருக்கிறது. 2007இல் வெளிவந்த ஒரு சிறு அமெரிக்க ஆய்வில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சோதித்தவர்களில் பெரும்பாலோர் புடெண்டலையே தேர்ந்தார்கள். ஆனால் கம்பி வைப்பது கடினம், பழகிய கை வேண்டும்.

பேட்டரியில் இரண்டு ரகம். சார்ஜ் ஏற்றும் சிறியது 15 ஆண்டுபோல உழைக்கும். சதை குறைந்த உடம்புக்கு அதுவே உறுத்தாது. சார்ஜ் செய்ய மறப்பவருக்கு சார்ஜ் தேவைப்படாத மற்றது. எம்ஆர்ஐ எடுக்க முடியுமா என்பதை மாடல் எண்ணைச் சொல்லி உறுதிசெய்யுங்கள். பிசியோவில் டயதெர்மி (மின்அலையால் உடம்புக்குள் சூடேற்றும் சிகிச்சை) மட்டும் கூடவே கூடாது, கம்பி சூடேறி நரம்பைச் சுடும்.

கம்பி நகர்வதுதான் அடிக்கடி வரும் சிக்கல்களில் ஒன்று. அதனால் முதல் ஆறு வாரம் கனம் தூக்காமல், இடுப்பை முறுக்காமல் இருக்க வேண்டும். பத்துமலையில் பால்குடம் எடுப்பவர்கள் அறுவை நாளைத் தைப்பூசத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வலிக்கு இது அனுமதிக்கு வெளியே செய்யும் சிகிச்சை என்பதால், மெடிக்கல் கார்டு நிறுவனத்திடம் சோதனை, நிரந்தரக் கருவி இரண்டுக்கும் தனித்தனியாக எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே தேதி குறியுங்கள்.