கூகை பெல்லட் பெட்டி: எலும்புகள் அருமை, விளக்கத்தாள் போதாது

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் நேரத்தில் கொடுக்க இந்தப் பெட்டியை இணையத்தில் வாங்கினேன். விலை 350 ரேண்ட். சூட்டில் கிருமி நீக்கி அலுமினியத் தாளில் சுற்றிய பெல்லட்டுகள் (கூகை கக்கிய எலும்பும் மயிரும் கலந்த உருண்டைகள்), இடுக்கி, குச்சி, எலும்புப் படம் போட்ட ஒரு தாள். மிட்லண்ட்ஸ் பண்ணைக் கொட்டகைகளில் பொறுக்கியவை என்று பெட்டியில் எழுதியிருக்கிறது.

பெல்லட்டுகளுக்கு முழு மதிப்பெண். கூகை எலியை அப்படியே விழுங்கும். சதை கரைந்தபின் மிஞ்சும் மயிரும் எலும்பும் உருண்டையாகத் திரள, அதை வாய் வழியே கக்கிவிடும். மெல்லுவதில்லை, எலும்பு குடல்வரை போவதும் இல்லை. அதனால் மண்டையோடு முழுசாகவே கிடைத்தது. தகடு தகடாக அடுக்கிய கடைவாய்ப் பற்களோடு ஒரு தாடை வந்தது, நம் ஈரப் புல்வெளிகளில் வாழும் ஃப்ளே எலியுடையது. ஆனால் தாளில் அந்த எலியே இல்லை! வட அமெரிக்க எலிகளின் படத்தை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். தாடையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் படத்தைத் தேடிய தேடல் எனக்கு வருத்தமாக இருந்தது.

அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. எலும்பின் பெயரைச் சொல்லும் தாள், அதன் மேற்பரப்பைப் பார்க்கச் சொல்லவே இல்லை. சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது. அமிலத்தின் கடுமையைக் காட்டும் பிஎச் அளவு ஆந்தைகளின் இரைப்பையில் சுமார் 2.35, பருந்து, வல்லூறு வகைகளில் 1.6 அளவுக்கு இறங்கும், அதாவது இன்னும் கடுமை. அதனால் பருந்து, வல்லூறுகளின் பெல்லட்டில் எலும்பு குறைவு, இருப்பதும் அரித்திருக்கும். ஜெனெட் (புனுகுப்பூனை போன்ற சிறு விலங்கு), கீரி போன்றவை கடித்து நொறுக்கி விழுங்குவதால் அவற்றின் எச்சத்தில் வருபவை பெரும்பாலும் துண்டுகள்தான்: முனை மழுங்கி, பல்லின் எனாமல் கரைந்து உள்ளிருக்கும் டென்டின் தெரியும். ஆந்தைகளுக்குள்ளும் கூகைதான் எலும்பை மிகக் குறைவாகச் சிதைப்பது.

இது தெரிந்தால், தொல்மனிதப் புதைபடிவங்களுக்குப் பேர்போன ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் குகையில் கிடைக்கும் சிறு எலும்புகளின் அருமை புரியும். பல்லின் அரிப்பைப் பார்த்து அந்த எலிகளைத் தின்றது எது என்று ஊகிக்கிறார்கள். ஒவ்வொரு வேட்டைக்காரனும் தனக்கு வாய்த்த இரையைத்தான் பிடிக்கும். ஆகவே தின்றது எது என்று தெரியாமல், அன்றைக்கு அங்கே புல்வெளியா புதரா என்று சொல்லிவிட முடியாது. பத்து வயதுப் பிள்ளைக்கே விளங்கும் விஷயம், தாளில் நாலு வரி போதும்.

சரி, வாங்கலாமா? தாராளமாக. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றும் தனியே வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் பல்லின் நுனி தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டு, தோட்டத்தில் கிடக்கும் ஜெனெட் எச்சத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், ஒட்டுண்ணி முட்டைகள் இருக்கலாம். விற்பவர்கள் தாளை மாற்றி அச்சடித்தால் அடுத்த வருஷ வகுப்புக்கும் இதையே வாங்குவேன்.